தோணி பின்னால் போகவில்லை

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான் நியாயம். சிலருக்குக் காபி குடித்தால்தான் பொழுது விடியும். எனக்கு யார் மேலாவது எரிந்து விழுந்தால்தான் விடியும். நான் பிறந்தபோது அழவில்லை, ஆஸ்பத்திரியையே திட்டினேன் என்று அம்மா சொல்வாள். பொதுவாக என் கோபம் சோடா மாதிரி, பொங்கி அடங்கிவிடும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருஷமாகியும் அடங்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

என் பெயர் பிரின்சி. ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை ஓட்டிச் செல்லும் தலைவர். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போகும் பெரிய மரக்கலம் அது. அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. அண்ணன் ரீகன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கிறான். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்க்கிற குட்டிப் படகு. இந்தக் குடும்பத்தில் கடலைக் கண்டாலே தலைசுற்றுகிற ஒரே பிறவி நான். அதனால் படம் வரையப் படித்து, சென்னையில் ஒரு சின்ன டிசைன் கம்பெனியில் சேர்ந்தேன். பிஸ்கட் உறை, மருந்துக்கடைப் பலகை, கல்யாண மண்டபத்து முகப்பு என்று போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை.

ஒருநாள் என் முதலாளி கௌதம் கண்கள் பளபளக்க வந்து நின்றார். "பிரின்சி, ரயில்!" என்றார்.

விஷயம் இதுதான். நாடு முழுக்க ஓடுவது ஒரே ரயில்வே. ஆனால் பெட்டிகளைப் பார்த்தால் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று என்ன நிறம் என்று கடவுளுக்கே தெரியாது. எல்லா ரயிலுக்கும் ஒரே உடை தைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை. வேறு ஊரில் இருக்கும் ஒரு பெரிய ஆலோசனைக் கம்பெனி அந்த வேலையை எடுத்திருந்தது. அவர்கள் படம் வரைகிற பகுதியை மட்டும் எங்களுக்குக் கொடுத்தார்கள். பந்தியில் கடைசி இலை என்றாலும் பந்தி பெரிய பந்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். (அது முதல் தப்பு. அம்மாவிடம் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.) மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில் அவள், "நாட்டுல ஓடுத ரயிலுக்கெல்லாம் எம்மவதான் பெயிண்ட் அடிக்கா" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எனக்குப் போன் போட்டு, பெயிண்ட் மிச்சம் இருந்தால் அவள் வீட்டுக் கதவுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

நான் வரைந்தது ஓர் ஊர்வலம். கீழே அடர்நீலம், மேலே வெள்ளை. இரண்டுக்கும் நடுவே, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு நீளப் பட்டை. அந்தப் பட்டையில், இந்த நாட்டில் மனிதர்களைச் சுமந்து சென்ற எல்லாமும் வரிசையாகப் போகும்: யானை, ஒட்டகம், குதிரை, மாட்டுவண்டி, தோணி. தோணி முன்னால், யானை கடைசியில் என்று எல்லாம் இன்ஜின் இருக்கும் பக்கம் பார்த்துப் போகும். கௌதம் அதற்கு ஒரு வாசகமும் எழுதினார்: 'எல்லோரும் ஒரே திசையில்.' (இந்த வாசகத்தை இப்போது தட்டச்சு செய்யும்போதே என் காது சூடாகிறது.)

தோணியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவுடைய தோணியின் மங்கலான போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, கயிறு எங்கே கட்டியிருக்கும், காற்று நிறைந்தால் பாய் எந்தப் பக்கம் உப்பும் என்று அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டுக் கேட்டு வரைந்தேன். அவன் வேலையில் இருக்கும்போது கூட எடுத்துப் பேசுவான். பின்னாலே கப்பல் சங்கு ஊதும். இவன், "பாய் இன்னும் கொஞ்சம் தொப்ப போடணும்ளா, அப்பதான் காத்து இருக்குன்னு தெரியும்" என்பான்.

அதற்குப் பிறகு தொடங்கின கூட்டங்கள். கம்ப்யூட்டர் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள். ஒருவர் நீலம் சோகமாக இருக்கிறது என்றார். ஒருவர் யானை சிரிக்க வேண்டும் என்றார். ஒரு பெண்மணி, ஒட்டகத்தின் பார்வை தன்னை அவமதிப்பதாகச் சொன்னார். ஒட்டகம் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கும் என்று நான் சொன்னேன். கௌதம் என் மைக்கை அணைத்துவிட்டார். ஒருவர் கடைசிவரை தோணியை வாழைப்பழம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "அந்த வாழைப்பழம் அருமை, அது இருக்கட்டும்" என்றார். அப்பாவுடைய தோணி வாழைப்பழமாகத்தான் அனுமதி வாங்கியது. நான் திரைக்குக் கீழே ஒரு பென்சிலை இரண்டாக உடைத்தேன்.

ஆனால் ஒரு சண்டையில் நான் ஜெயித்தேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. பெட்டியின் இடது பக்கத்துக்கு வரைந்த படத்தை அப்படியே வலது பக்கத்துக்கும் அச்சடிப்பதாக ஸ்டிக்கர் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். அப்படி ஒட்டினால் ஒரு பக்கம் யானை இன்ஜினைப் பார்த்துப் போகும், மறுபக்கம் இன்ஜினுக்கு முதுகைக் காட்டிப் போகும். இதை நான்தான் கண்டுபிடித்தேன். மூன்று நாள் போனில் கத்தினேன். வலது பக்கத்துக்குத் தனியாகத் திருப்பி அச்சடிக்க வைத்தேன். ஆலோசனைக் கம்பெனியின் பெரிய அதிகாரியே, "இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை" என்று எழுதினார். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து மேஜையில் ஒட்டிவைத்தேன். இரண்டு பக்கத்தையும் யோசித்தவள் நான். இந்தப் பெருமையில் என் மூளை விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் ஒரே ஒரு ரயிலுக்குச் சோதனையாக ஒட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எந்த ரயில்? தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிற ரயில். எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடியசைப்பு விழா. எனக்கு ஆனந்தத்தில் தூக்கம் வரவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாளை மீன் குழம்பு. அண்ணன், அவன் மனைவி மெரினா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லாரும் இருந்தார்கள். லேப்டாப்பை அரிசி டின் மேல் வைத்து வீடியோவைப் போட்டேன். ரயில் இடமிருந்து வலமாக ஓடியது. யானை, ஒட்டகம், குதிரை, மாட்டுவண்டி, தோணி எல்லாம் கம்பீரமாகப் போயின. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே பார்த்தான். "நல்லாருக்குளா. அப்பா தோணி அப்படியே இருக்கு" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "இது திரும்பிப் போவும்போது எப்படிப் போவும்?" என்று கேட்டான்.

"எப்படிப் போவும்? தண்டவாளத்துலதான் போவும்."

"அதில்லளா. இங்கன வாரப்ப மூஞ்சி கடலப் பாத்து இருக்குன்னு வச்சுக்கோ. அப்புறம்..."

"எல்லாம் ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. இடது பக்கம், வலது பக்கம், ரெண்டும் சரியா இருக்கு. மூணு நாள் சண்ட போட்டு வாங்குனது தெரியுமா?"

"நான் பக்கத்தக் கேக்கல பிரின்சி..."

அவ்வளவுதான். சென்னையில் சதுரமுகக்காரர்களிடம் காட்ட முடியாமல் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம், சாளை மீனின் தலையைக் கையில் வைத்திருந்த அந்த அப்பாவியின் மேல் போய் விழுந்தது.

"ஒனக்கு என்ன தெரியும்னு கேள்வி கேக்க? யாரப் பாத்தாலும் எனக்குப் பாடம் எடுக்க வந்துருதாங்க. அப்பா தோணிக்கே தண்டலா இருந்தாரு. நீ அடுத்தவன் கப்பலுக்குக் கயிறு இழுக்குதவன். ஒனக்கு லாயக்கு அதுதான். போய்க் கயிற இழு!"

மெரினா குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய மூத்தவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் எழுந்தான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நானோ லேப்டாப்பை மூடிக்கொண்டு, "கேள்வி கேக்கத் தெரியல, கோவம் மட்டும் வருது" என்றேன். (ஆமாம், நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை.)

விழா நாள் காலை. பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கள் தெருவே வந்திருந்தது. அம்மா தன் ஜெபக்கூட்டத்துப் பெண்களையெல்லாம் இரண்டு ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். ஒவ்வொருத்தி கையிலும் மக்ரூன் பொட்டலம். வலை பின்னுகிற ஆட்கள், மீன் ஏலம் விடுகிறவர்கள், அப்பாவோடு தோணியில் போன இரண்டு மூன்று பேர் என்று பிளாட்பாரம் நிறைந்திருந்தது. பேண்டு வாத்தியம். ஷாமியானா. மைக். அண்ணனும் வந்திருந்தான். தூரத்தில் ஒரு தூணோரம், சின்ன மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றான். என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

வடக்கேயிருந்து காலியாக வந்து நின்றது ரயில். வெளுத்த வெயிலில் நீலமும் வெள்ளையும் பளீரென்று இருந்தன. யானையும் ஒட்டகமும் குதிரையும் தோணியும் வரிசையாகக் கடலைப் பார்த்து வந்து நின்றன. ஜனங்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த நிமிஷம் அது. நிமிஷம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம்தான் இருந்தது.

கௌதம் மைக்கைப் பிடித்தார். "ஒருநாள் சென்னை டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு யோசனை உதித்தது" என்று தொடங்கினார். டிராபிக்கில் உதித்ததாம்! டிராபிக்கில் அவருக்கு உதித்தது வேர்வை மட்டும்தான். அவர் பேசப் பேச அவருடைய முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது, அவர் முதுகுக்குப் பின்னால், பக்கத்துத் தண்டவாளத்தில் ஏதோ நகர்ந்தது.

இன்ஜின். ரயிலிலிருந்து கழன்று, தனியாக, ஆற அமர, பெட்டிகளைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் கடல். உள்ளே வருகிற எந்த ரயிலும் வந்த வழியேதான் திரும்பிப் போக வேண்டும். இன்ஜின் கழன்று அடுத்த கோடிக்குப் போய் மாட்டிக்கொண்டு, வரும்போது வாலாக இருந்ததைத் தலையாக்கி இழுத்துக்கொண்டு போகும். பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன். சின்ன வயதில் ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு, இன்ஜின் திரும்புவதை வேடிக்கை பார்ப்பதற்காகவே அப்பாவோடு இதே பிளாட்பாரத்துக்கு வந்திருக்கிறேன். இடது பக்கம் யோசித்தேன், வலது பக்கம் யோசித்தேன். போவதை யோசித்தேன். திரும்பி வருவதை யோசிக்கவே இல்லை.

அண்ணன் கேட்டது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு ஓடினேன். இன்ஜினைப் பெட்டியோடு மாட்டிவிடுகிற ஊழியர் ஒருவர், கையில் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி! இன்ஜின இங்கன மாட்டாதீங்க. முன்னால இருந்த பக்கமே மாட்டுங்க!"

அவர் பொறுமையாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அங்கன மாட்டுனா வண்டி கடலுக்குல்லா போவும்?"

"அப்ப அங்கன இருந்து தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

"தள்ளுனாலும் இழுத்தாலும் வண்டி வடக்கதான தாயி போவும்?" என்றார். பிறகு அக்கறையாக, "நீங்க எங்க போவணும்?" என்று கேட்டார்.

திரும்பி ஓடினேன். (பட்டுச் சேலையில் ஒருத்தி பிளாட்பாரத்தில் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்து, ரயிலைத் தவறவிட்டவள் என்று நினைத்து ஒரு போர்ட்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.) பேச்சை முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிய கௌதமின் சட்டையைப் பிடித்தேன்.

"கௌதம், ரயில் திரும்பிப் போகுது!"

"ஆமா பிரின்சி. அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."

"படம் எல்லாம் பின்னால போகும், கௌதம்! யானை, ஒட்டகம், எல்லாம்!"

அவர் என்னைப் பார்த்தார். ரயிலைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார். அந்த முகத்தில் விஷயம் மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ரிலாக்ஸ். யாரும் கவனிக்க மாட்டாங்க."

யார் கவனிக்க மாட்டார்கள்? கடலின் அந்தக் கோடியில் கடுகளவு தெரிகிற படகைப் பார்த்து, அது யாருடையது, அதில் என்ன மீன் கிடைத்திருக்கிறது, ஓட்டுகிறவனுக்கும் அவன் மனைவிக்கும் காலையில் என்ன சண்டை என்று சொல்கிற ஜனங்கள் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் கவனிக்க மாட்டார்களாம்!

கொடி அசைந்தது. பேண்டு முழங்கியது. ரயில் கிளம்பியது.

முதலில் யானைகள் போயின, பிருஷ்டம் முன்னால். பின்னாலேயே ஒட்டகங்கள் எங்களை அதே அலட்சியத்தோடு பார்த்தபடி பின்வாங்கின. குதிரைகள் பாய்ச்சலில் பின்னால் ஓடின. மாட்டுவண்டியில் மாடுகளை வண்டி இழுத்துக்கொண்டு போனது. அடுத்து தோணி வந்தது. மூன்று பாயும் காற்றில் முன்னால் உப்பியிருக்க, முன்முனையான அணியம் கடலைப் பார்த்திருக்க, அப்பாவுடைய தோணி பின்புறமாக மதுரைப் பக்கம் போனது.

கூட்டத்தில் ஒரு மீன்காரப் பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏளா! தோணி பின்னாலல்லா போவுது!"

"பாயி முன்னால உப்பிக் கெடக்கு, தோணி பின்னால போவுது! இது எந்த ஊரு காத்துலே?"

"நங்கூரத்த எடுக்க மறந்துட்டாவ போல!"

"அம்மா, ஒட்டகம் ரிவர்ஸ் எடுக்கு!"

அவ்வளவுதான். பிளாட்பாரம் வெடித்தது. டிரம்ஸ் அடித்தவர் சிரித்துச் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டார். அம்மாவின் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் மக்ரூன் பொட்டலத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். கொடியசைத்த அதிகாரி ரொம்ப நல்ல மனிதர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தோள்பட்டை காட்டிக் கொடுத்தது.

கௌதம் மைக்கை எடுத்தார். அந்த மனிதனின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை வராததற்கு இந்த ஒரு நிமிஷம் போதும்.

"இந்த டிசைன் முழுக்க முழுக்க உங்க ஊர்ப் பொண்ணு பிரின்சியோட சொந்த யோசனை. அவங்களே இதோட அர்த்தத்தை விளக்குவாங்க" என்று சொல்லி, மைக்கை என் கையில் திணித்தார்.

டிராபிக்கில் உதித்தது அரை மணி நேரத்தில் என் தலையில் உதித்துவிட்டது!

எனக்குக் கண் இருண்டது. பேச ஆரம்பித்தேன். சென்னையில் ஏழு வருஷம் பழகிய நாகரிகத் தமிழ் ஒரு சொல் கூட வாயில் வரவில்லை.

"என்ன சிரிப்பு ஒங்களுக்கு? என்ன சிரிப்புங்கேன்! ஒரு பொம்பளப்புள்ள மாசக்கணக்கா கண்ணு முழிச்சு வரஞ்சிருக்கா, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கியளே! இந்தா நிக்காரே, இவரு அர மணி நேரத்துக்கு முன்னால தன் யோசனைன்னாரு, இப்ப என் யோசனைங்காரு. அங்கன ஒருத்தரு தோணிய வாழப்பழங்காரு. ஒங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? தோணி ஒண்ணும் பின்னால போகல! கேட்டுக்கோங்க! தோணி பின்னால போகல! ஊருதான் முன்னால போவுது! தூத்துக்குடி முன்னால போவுது! அதுக்குத்தான் அப்படி வரஞ்சிருக்கேன்!"

அந்த மைக்கை ஸ்டேஷன் ஒலிபெருக்கி முழுவதற்கும் இணைத்திருந்தார்கள். டிக்கெட் கவுன்ட்டர், டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் 'தூத்துக்குடி முன்னால போவுது' என்று என் குரல் எதிரொலித்தது.

அதற்கு வந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டிக்கொண்டு போன கார்டு, கொடியோடு இரண்டாக மடிந்ததை மட்டும் பார்த்தேன்.

அந்த மொத்தப் பிளாட்பாரத்தில் சிரிக்காதவன் ஒரே ஒருவன். தூணோரம் நின்ற ரீகன். நான் அவனையே பார்த்தேன். சிரியேன், சிரித்துத் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். சிரித்திருந்தால் அவனோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தோளிலிருந்த பிள்ளையை மெரினாவிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். என் கையிலிருந்து மைக்கை வாங்கி, சுவிட்சை அணைத்து, கௌதம் கையில் கொடுத்தான். அவரை ஒரு பார்வை பார்த்தான். கௌதம் இரண்டடி பின்னால் போனார். (அன்றைக்கு எல்லாமே பின்னால்தான் போனது.)

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

பைக்கில் போகும்போது வழிநெடுக எல்லோரையும் திட்டினேன். கௌதமை, சதுரமுகங்களை, ஸ்டிக்கர்காரர்களை, மீன்காரப் பெண்ணை, எங்கள் ஊரில் தண்டவாளத்தை முடித்த வெள்ளைக்காரனை. அவன் பாட்டுக்கு வண்டியை ஓட்டினான். சிக்னலில் நின்றபோது நான் வாயைத் திறந்தேன்.

"நீ அன்னைக்குக் கேட்டியே... திரும்பிப் போவும்போதுன்னு..."

"ஆமா."

"அதுக்கு நான்..."

"நான் வெவரமாக் கேட்டிருக்கணும்ளா. சோத்த முழுங்கிட்டுக் கேட்டிருக்கணும்" என்றான். "பசிக்கா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முதுகில் ஒரு குத்து விட்டேன். பைக் ஆடியது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவரையும் திட்டினேன்.

அந்த ரயில் நான்கு நாள் அப்படியே ஓடியது. ஊருக்கு வரும்போது கம்பீரமாக வரும். போகும்போது மானத்தை வாங்கிக்கொண்டு போகும். ஒட்டகம் பின்வாங்குகிற வீடியோ, யார் யாருடைய போனிலெல்லாமோ சுற்றியது. பிறகு ஸ்டிக்கரை உரித்துவிட்டார்கள். சோதனையில் மிஞ்சியது கீழே நீலம், மேலே வெள்ளை, அவ்வளவுதான். எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி இருக்கும், யாரையும் கோபப்படுத்தாது, யாரையும் சிரிக்கவும் வைக்காது. நான் வேலையை விடுவதாக எழுதிய மின்னஞ்சலும், கௌதம் என்னை வேலையை விட்டு நீக்குவதாக எழுதிய மின்னஞ்சலும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. என்னுடையதுதான் முந்தியது என்று நான் சொல்கிறேன். அவர் என்ன சொல்கிறாரோ எனக்குத் தெரியாது, கவலையும் இல்லை.

இப்போது தூத்துக்குடியிலேயே கடை வைத்திருக்கிறேன். கண்டெய்னர் லாரி, விசைப்படகு, ஸ்கூல் வேன் எல்லாவற்றுக்கும் படமும் எழுத்தும் போட்டுத் தருகிறேன். யார் வந்தாலும் முதலில், "வண்டி எந்தப் பக்கம் போகும்? திரும்பி வரும்போது எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்பேன். புதிதாக வருகிறவர்கள் இவளுக்குக் கோட்டி பிடித்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிடுகிறார்கள். நான் முறைப்பேன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். அண்ணனுடைய மூத்த மகள் ஸ்கூட்டியைப் பின்னால் தள்ளி எடுத்து மதில் சுவரில் இடித்தபோது, "நான் பின்னால போகல, சுவருதான் முன்னால வந்துச்சு" என்றாள். அம்மா குழம்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்டால், "உப்பு கூடல, நாக்குதான் கொறஞ்சு போச்சு" என்கிறாள். மெரினா, பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தபோது, டாக்டரிடமே, "சர்க்கர ஏறல டாக்டர், தூத்துக்குடி முன்னால போவுது" என்றாளாம். அவரும் சிரித்தாராம். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு, சித்தி மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை மணப்பாட்டிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். அவன் இந்தக் கதையைச் சொல்கிற அழகே தனி. ஒட்டகம் மாதிரி நடந்து காட்டுவான், என்னை மாதிரி சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், கார்டு மாதிரி மடிவான். மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் போல அவன் அந்த மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லவில்லை. தான் கேட்ட கேள்வியையும் சொல்லவில்லை, நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால நடந்ததச் சொல்லு" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். "எது?"

"நீ கேட்டது. அதுக்கு நான் சொன்னது. அதையும் சொல்லு!"

"அது எதுக்குளா? அது கதையில கெடையாது."

"ஏன் கெடையாது? அதுதான் முக்கியம்!"

"ஏளா, கதைய நான் சொல்லுதேன். ஒனக்கு வேணும்னா நீ தனியா எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பி, மறுபடியும் ஒட்டகமாகிவிட்டான்.

அதனால் எழுதிவிட்டேன். அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் சொன்ன பதில் சொல்லக்கூடாத பதில். இதை நேரில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை அவன் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "பசிக்கா?" என்று கேட்பான். எனக்குக் கோபம் வந்துவிடும்.